கக்கன்: பொது வார்டுக்கு முந்தைய பத்தாண்டுகள்



கக்கன் என்று சொன்னதும் நம்மில் பலருக்கு ஒரே ஒரு சம்பவம்தான் நினைவுக்கு வரும். மதுரை அரசு மருத்துவமனை. சிகிச்சையில் இருந்த அரசியல் தலைவர் மதுரை முத்துவை நலம் விசாரிக்க முதலமைச்சர் எம்.ஜி.ஆர். போயிருக்கிறார். முன்னாள் அமைச்சர் கக்கனும் அங்கேதான், பொது வார்டில் இருக்கிறார் என்று தெரியவருகிறது. போய்ப் பார்க்கிறார். அதன்பிறகு இலவச சிகிச்சைக்கும் உதவித்தொகைக்கும் ஏற்பாடாகிறது. பட்டிமன்ற மேடையிலும் பள்ளி ஆண்டு விழாவிலும் கேட்டுக் கேட்டுப் பழகிய கதை இது. உண்மையில் நடந்ததுதான். ஆனால் அதற்கு முன்னால் பத்து வருஷம் அமைச்சராக இருந்த அந்த மனிதர் என்னென்ன வேலை பார்த்தார் என்று கேளுங்கள். கதை சொன்னவரே கொஞ்சம் திணறுவார். இன்றைக்கு அந்த வேலையைப் பற்றிப் பேசலாம்.

மதுரை மாவட்டம், மேலூர் பக்கம் தும்பைப்பட்டி. 1908 ஜூன் 18 அன்று பிறந்தவர் கக்கன். அப்பா ஊர்க் கோயில் பூசாரி. ஊரில் சாமிக்குப் பூசை செய்கிற குடும்பம்தான். ஆனால் தாழ்த்தப்பட்ட குடும்பம் என்பதால் மதுரைக்கு வந்தால் மீனாட்சி அம்மன் கோயில் வாசலோடு நின்றுகொள்ள வேண்டும். 1939 ஜூலை 8 அன்று காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒரு சிறு குழு அந்த வாசலைத் தாண்டி உள்ளே போனது. அந்தக் குழுவில் கக்கனும் ஒருவர். எதிர்ப்புப் பலமாக இருந்தது, வழக்கு வரும் என்ற நிலையும் இருந்தது. ராஜாஜி அரசு சட்டம் கொண்டுவந்துதான் அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. ஒரு சட்டம் ஒரு மனிதனுக்கு எதைத் திறந்துவிடும் என்பதைச் சட்டமன்றத்துக்குப் போவதற்குப் பதினெட்டு வருஷம் முன்பே நேரில் பார்த்தவர் அவர்.

பிறகு 1942 வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை, அரசியல் நிர்ணய சபை, 1952இல் மதுரையிலிருந்து மக்களவை, காமராஜர் முதலமைச்சரான பிறகு தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர் பதவி. 1957 தேர்தலில் மேலூரில் ஜெயித்து எம்எல்ஏ ஆகிச் சென்னைக்கு வந்தார்.

சென்னை அரசியல் என்கிறோமே, அதை நடத்தியவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். ஊருக்குள் ஒரு சுற்று வந்தால் பெயர்ப்பலகைகளே சொல்லும். மயிலாப்பூரிலிருந்து அடையாறு போகும் வழியில் இருக்கிறது கிரீன்வேஸ் சாலை. அமைச்சர்களின் அரசு வீடுகள் இருக்கும் அந்தச் சாலை, முதலமைச்சராக இருந்த ராஜபாளையத்துக்காரர் பி.எஸ். குமாரசாமி ராஜாவின் பெயரைத் தாங்கியிருக்கிறது. அண்ணா சாலையில் ஓமந்தூரார் தோட்டம், முதலமைச்சரான திண்டிவனம் பக்கத்து ஓமந்தூர் விவசாயி ஒருவரின் பெயரில். தியாகராய நகர் திருமலைப் பிள்ளை சாலையில், விருதுநகரிலிருந்து வந்த காமராஜர் வாடகைக்கு இருந்த வீடு இன்றைக்கு நினைவில்லம். இந்த வரிசையில் வந்தவர்தான் மேலூர்க்காரர் கக்கன்.

காமராஜர் அவருக்குக் கொடுத்த துறையைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் தாழ்த்தப்பட்டவர் ஒருவர் அமைச்சரானால் ஹரிஜன நலத்துறை அவருக்கு என்பது எழுதாத விதி. காமராஜர் 1954லேயே தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த அமைச்சர் பரமேஸ்வரனிடம் இந்து அறநிலையத் துறையையும் கொடுத்து அந்த விதியைத் தளர்த்தியிருந்தார். கக்கனுக்கு ஹரிஜன நலத்தோடு பொதுப்பணித் துறையும் வந்தது. அணை, கால்வாய், கட்டடம், ஒப்பந்தம் என்று அரசுப் பணம் பெரிய அளவில் புரளும் துறை. 1962இல் சமயநல்லூரிலிருந்து ஜெயித்து வந்தபோது வேளாண்மை. 1963 அக்டோபரில் பக்தவத்சலம் முதலமைச்சரானதும் உள்துறை. கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட ஊர்ப் பிள்ளையின் கையில் மாநிலத்தின் காவல்துறை வந்து சேர்ந்தது.

துறை கையில் இருப்பது என்றால் என்ன? ஒவ்வொரு வருஷமும் பட்ஜெட் முடிந்ததும் அமைச்சர் தன் துறைக்கான மானியக் கோரிக்கையை அவையில் வைக்க வேண்டும். உறுப்பினர்கள் வெட்டுத் தீர்மானம் கொடுப்பார்கள். எங்கள் ஊர் ஏரி உடைந்தது, எங்கள் பக்கம் பாலம் வரவில்லை, ஒப்பந்தக்காரர் பாதியில் விட்டுப் போய்விட்டார் என்று வரிசையாகக் கேட்பார்கள். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, கடைசியில் எழுந்து பதில் சொல்ல வேண்டும். கக்கனுக்கு வருஷா வருஷம் இந்தச் சோதனை.

வைகை அணையை எடுத்துக்கொள்ளுங்கள். கக்கன் வருவதற்கு முன்பே தொடங்கிய வேலை. அவர் அமைச்சராக இருக்கும்போது முடிந்து, 1959 ஜனவரி 21 அன்று காமராஜர் திறந்துவைத்தார். சாத்தனூர், கிருஷ்ணகிரி, அமராவதி அணைகளும் அதை ஒட்டிய ஆண்டுகளில் முடிந்தவைதான். இவற்றில் வைகை மட்டும் கக்கனுக்குச் சொந்த ஊர் விவகாரம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் 1895 முதல் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே வருகிறது. வைகையில் சேர்ந்து, பேரணையில் திரும்பி, பெரியாறு கால்வாயில் கள்ளந்திரி தாண்டித்தான் மேலூர்ப் பக்கம் போக வேண்டும். கள்ளந்திரி வரை இருபோகம், அதற்குக் கீழே மேலூருக்கு ஒருபோகம். மதகு எப்போது திறப்பார்கள், கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேருமா என்பதுதான் அங்கே வருஷம் முழுக்கப் பேச்சு. அணைக்கு மேலே நின்று பார்க்கிற பொறியாளருக்குத் தெரியாத ஒன்று, வாய்க்காலின் கடைசியில் நின்று பார்க்கிறவனுக்குத் தெரியும். கிராமத்து எம்எல்ஏ கோட்டைக்குக் கொண்டுவருகிற சரக்கு இந்த அறிவுதான்.

உள்துறைக் காலத்தை மட்டும் மழுப்பிவிட்டுப் போகக் கூடாது. லஞ்ச ஒழிப்புத் துறை 1964இல் வந்தது, கக்கன் உள்துறை அமைச்சராக இருந்தபோது. அது ஒரு பக்கம். 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தது இன்னொரு பக்கம். மோதல் முதலில் மூண்டது அவருடைய மதுரையிலேயே. துப்பாக்கிச் சூடுகள் நடந்தன, உயிர்கள் போயின. கை சுத்தமான மனிதர் என்பதற்காக அந்தப் பொறுப்பிலிருந்து உள்துறை அமைச்சரை விடுவித்துவிட முடியாது. மக்களும் விடவில்லை. 1967 தேர்தலில் காமராஜர் தோற்றார், பக்தவத்சலம் தோற்றார், மேலூர் தெற்கில் திமுகவின் ஓ.பி. ராமனிடம் கக்கனும் தோற்றார்.

அதோடு அமைச்சர் வாழ்க்கை முடிந்தது. பிறகு பேருந்துப் பயணம், பொது வார்டு, 1981 டிசம்பர் 23 அன்று சென்னையில் மரணம். நாம் கதையை ஆரம்பிப்பதே இங்கிருந்துதான். அதுதான் எனக்கு உறுத்துகிறது.

இந்தக் கதையை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னால் கேட்கிற பிள்ளைகளுக்கு என்ன போய்ச் சேரும்? நேர்மையாக இருந்தால் கடைசியில் கஷ்டப்பட வேண்டும் என்பதுதான் போய்ச் சேரும். அப்புறம் எந்தப் பிள்ளை அரசியலுக்கு வர ஆசைப்படும்? இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒருவர் ஏழையாகச் செத்தார் என்று கைதட்டிவிட்டால், அவர் கவனித்த துறை எப்படி நடந்தது, எங்கே சறுக்கியது என்று கேட்கும் பழக்கமே நமக்குப் போய்விடுகிறது. மூன்று பெரிய துறைகளை நடத்திய நிர்வாகி ஒருவரை, பாவப்பட்ட மனிதராக்கி மாலை போட்டுவிட்டோம்.

திருடாமல் இருப்பது எம்எல்ஏவுக்குக் குறைந்தபட்சத் தகுதி. வேலைக்குச் சேரும்போதே அது இருக்க வேண்டும். அதற்கு மேல் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. உங்கள் தொகுதி எம்எல்ஏ போன கூட்டத்தொடரில் என்ன கேள்வி கேட்டார்? எந்த மானியக் கோரிக்கையில் பேசினார்? அமைச்சர் என்ன பதில் சொன்னார்? அவை நடவடிக்கைக் குறிப்புகளில் எல்லாம் பதிவாகியிருக்கும். மயிலாப்பூர் எம்எல்ஏவுக்கும் மேலூர் எம்எல்ஏவுக்கும் இதே கேள்விகள்தான். கக்கனைப் பற்றியும் இதே கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். நல்ல பதிலும் வரும், சங்கடமான பதிலும் வரும். இரண்டையும் தாங்குகிற பெரிய மனிதர்தான் அவர்.