பட்டியலில் இருமுறை வரும் பெயர்

நாட்டு நாயினங்களின் வம்சப் பதிவு குறித்த இந்தக் கருத்தரங்கிற்குத் தலைமை தாங்க அழைத்தபோது, கால்நடை மருத்துவர்களோடு ராஜபாளையம், சிப்பிப்பாறைப் பக்கத்து வளர்ப்பாளர்களும் வருகிறார்கள் என்றார்கள். உடனே ஒப்புக்கொண்டேன்.

குட்டி வாங்க வருகிறவர் முதலில் கேட்பது, "இது யார் வீட்டு ரத்தம்?" என்பதுதான். நாலு தலைமுறைக்கு முன்னால் ஊரே பேசிய ஒரு கடுவனின் பெயரைச் சொன்னால் விலை ஏறிவிடுகிறது. அந்தப் பெயருக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்பதுதான் இன்று என் பேச்சு.

இந்தக் கேள்விக்கு முதலில் கணக்குப் போட்டவர்களில் ஒருவர் பிரான்சிஸ் கால்டன். பாசெட் ஹவுண்ட் நாய்களின் நிறத்தை வம்சப் பதிவேட்டில் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து, 1897இல் ஒரு விதி சொன்னார்: தாய் தந்தையர் இருவருமாகப் பாதி, தாத்தா பாட்டிகள் நால்வருமாகக் கால், அதற்கு மேலே அரைக்கால் என்று முன்னோர் பங்கு குறைந்துகொண்டே போகும். வளர்ப்பாளர்கள் இன்றும் வாய்க்கணக்காகச் சொல்வது ஏறக்குறைய இதைத்தான். ஆனால் 1900இல் மெண்டலின் ஆய்வு மறுபடி வெளிச்சத்துக்கு வந்தபின் ஒன்று தெளிவாயிற்று. தாத்தா நேராகப் பேரனுக்கு எதையும் தருவதில்லை. தாயிடமோ தந்தையிடமோ வந்து சேராத ஜீன் குட்டிக்கு வர வழியே கிடையாது. தந்தை தருவது சரியாகப் பாதி. தாத்தாவின் கால் பங்கு வெறும் சராசரி. ஒரே ஈத்தில் பிறந்த இரண்டு குட்டிகளில் ஒன்றுக்கு அவரிடமிருந்து கூடுதலாகவும் மற்றதற்குக் குறைவாகவும் வந்திருக்கலாம். ஐந்தாம் தலைமுறையில் முன்னோர் முப்பத்திரண்டு பேர். அவர்களில் ஒருவர் எவ்வளவு புகழ் பெற்றவராக இருந்தாலும், அங்கே ஒருமுறை மட்டும் வந்தால் குட்டியில் அவருடைய பங்கு சராசரியாக முப்பத்திரண்டில் ஒன்றுதான்.

அதே பெயர் தாய்வழியிலும் தந்தைவழியிலும் வந்தால் கதை மாறுகிறது. நெருங்கிய உறவுக்குள் சேர்ப்பதை அளக்கச் சூவல் ரைட் 1922இல் வகுத்த அளவையை நாம் இன்றும் பயன்படுத்துகிறோம். ஒரே கடுவன் இருபுறமும் தாத்தாவானால், குட்டியின் எந்த ஒரு ஜீனிலும் இரண்டு படிகளும் பொது முன்னோர் ஒருவரின் ஒரே படியிலிருந்து வந்திருக்க 12.5 சதவீத வாய்ப்பு உண்டு. அண்ணன் தங்கையைச் சேர்த்தால் 25 சதவீதம். அந்தக் கடுவனின் நெஞ்சும் நடையும் நிலைக்கட்டும் என்றுதான் அப்படிச் சேர்க்கிறோம். அதன் உடலில் ஒளிந்துகிடந்த குறையும் அதே வழியில் வந்து இரட்டையாகிறது.

ராஜபாளையம் பக்கம் ஒரு வீட்டில் ஓர் ஈத்தைப் பார்க்கப் போயிருந்தேன். ஐந்து வாரக் குட்டிகள், பால்வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. தூங்கிக்கொண்டிருந்த குட்டிகளுக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் தம்ளரைக் கரண்டியால் தட்டினேன். எல்லாம் துள்ளி எழுந்தன. ஒன்று மட்டும் எழவில்லை. பக்கத்துக் குட்டி அதன்மேல் விழுந்தபிறகே கண் திறந்தது. உள்காதில் நிறமிச் செல்கள் இல்லாத வெள்ளை நாய்களுக்குப் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் செல்கள் அழிந்துவிடுகின்றன. வளர்ப்பாளர் தம் நோட்டைக் காட்டினார். மூன்று தலைமுறைக்குள் ஒரே பெயர் மூன்று இடத்தில் இருந்தது. ஓர் ஈத்தை வைத்து அதுதான் காரணம் என்று சொல்லமாட்டேன். இந்தச் செவிடு ஒற்றை ஜீனால் வருவதும் இல்லை. ஆனால் அந்த நோட்டில் கேட்காத குட்டிகள் எதுவும் எழுதப்படவில்லை. விற்றவை மட்டுமே இருந்தன. அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

தொலைவில் உள்ள முன்னோரை ஒதுக்கிவிடலாம் என்றும் நான் சொல்லவில்லை. டால்மேஷியன் நாய்களின் சிறுநீரில் யூரிக் அமிலம் மிகுந்து கல் உண்டாகும். அதைச் சீராக்கும் ஜீனின் நல்ல படி அந்த இனத்திலேயே இல்லாமல் போயிருந்தது. 1973இல் ராபர்ட் ஷைபிள் ஒரு பாயின்டர் கடுவனை ஒரே ஒரு முறை டால்மேஷியன் பெட்டையோடு சேர்த்தார். அதன்பின் சிறுநீர் சரியாக இருந்த குட்டிகளையே தேர்ந்து, மறுபடி மறுபடி டால்மேஷியனோடு சேர்த்துவந்தார்கள். பத்தாம் தலைமுறையில் கணக்குப்படி பாயின்டரின் பங்கு 1024இல் ஒன்று. அந்த நல்ல ஜீன் மட்டும் குறையாமல் அப்படியே இருந்தது, ஒவ்வொரு தலைமுறையிலும் அதைத் தேடிப் பிடித்து வைத்துக்கொண்டதால். கலப்பு என்று நெடுங்காலம் எதிர்ப்பு இருந்தது. 2011இல் அமெரிக்கன் கென்னல் கிளப் அவற்றைப் பதிவேட்டில் ஏற்றுக்கொண்டது.

நம் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இப்போது தேசிய அளவில் பதிவான இனங்கள். அடுத்து வேண்டியது வீட்டு நோட்டுகள். இங்கு வந்திருக்கும் வளர்ப்பாளர்களைக் கைகூப்பிக் கேட்கிறேன்: செத்துப் பிறந்த குட்டி, காது கேட்காத குட்டி, ஆறு மாதத்தில் வலிப்பு வந்த குட்டி, எல்லாவற்றையும் தாய் தந்தை பெயரோடு எழுதுங்கள். உங்களைக் குறை சொல்ல யாரும் அதைக் கேட்கவில்லை. ஒரு காது மட்டும் கேட்காத நாய் தம்ளர் சத்தத்துக்கும் திரும்பிவிடும். அதன் காதுகளைத் தனித்தனியே கருவியால் சோதிப்பதைப் பிற்பகல் அமர்வில் செய்து காட்டுகிறார்கள். நோட்டு கொண்டுவந்தவர்கள் வாசல் மேசையில் கொடுத்தால் நகல் எடுத்துக்கொண்டு மாலைக்குள் திருப்பித் தந்துவிடுவோம். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.