எந்த ஊர் கோர்ட்டுக்குப் போறது? போபால் வழக்கும் நியூயார்க்கும்

இன்னைக்கு ஒரு சட்ட விஷயம். பயப்படாதீங்க, செக்‌ஷன் நம்பரெல்லாம் ஒப்பிக்க மாட்டேன்.

ஒரு தகராறு ரெண்டு நாட்டுல கால் வச்சிருக்குன்னு வைங்க. விபத்து ஒரு நாட்டுல, கம்பெனியோட தலைமையகம் இன்னொரு நாட்டுல. வழக்கை எங்க போடுறது? தனக்குச் சாதகமான கோர்ட் எதுன்னு தேடிப் போறதுக்குப் பேர்தான் ஃபோரம் ஷாப்பிங். பேரைக் கேட்டாலே ஏதோ தள்ளுபடி விற்பனைக்கு அலையுற மாதிரி ஒரு இளக்காரம் இருக்கு. லார்ட் டென்னிங்ங்குற ஆங்கிலேய நீதிபதி இதை விட்டில் பூச்சியோட ஒப்பிட்டார். விளக்கைத் தேடிப் பூச்சி போற மாதிரி வழக்காளிங்க அமெரிக்காவுக்குப் போறாங்களாம்.

ஏன் அமெரிக்கா? அங்க நஷ்ட ஈட்டுத் தொகையை ஜூரி முடிவு பண்ணும். ஜெயிச்சா மட்டும் பங்கு எடுத்துக்குற வக்கீல் கிடைப்பார், முன்பணம் தேவையில்லை. எல்லாத்துக்கும் மேல, எதிராளி கம்பெனியோட உள் ஆவணங்களைக் கேட்டு வாங்குற அதிகாரம் ரொம்ப விரிவானது. இந்தியாவுல வக்கீல் அப்படிப் பங்கு பேசவே கூடாது. கேக்குற தொகைக்கு ஏத்த மாதிரி கோர்ட் கட்டணமும் கட்டணும்.

இதை மனசுல வச்சுக்கிட்டு போபாலுக்கு வாங்க. 1984 டிசம்பர் 2 ராத்திரி, யூனியன் கார்பைடு ஆலையில இருந்து விஷவாயு கசிஞ்சது. டிசம்பர் 7-ஆம் தேதியே அமெரிக்காவுல முதல் வழக்கு பதிவாயிடுச்சு. விபத்து நடந்து நாலே நாள்! அமெரிக்க வக்கீல்கள் விமானம் பிடிச்சு வந்து கையெழுத்து வாங்கினாங்க. அப்படிச் சேர்ந்த சுமார் 145 வழக்குகளும் நியூயார்க்ல நீதிபதி ஜான் கீனன்கிட்ட ஒண்ணாப் போச்சு. 1985-ல இந்திய அரசு ஒரு தனிச் சட்டமே போட்டு, பாதிக்கப்பட்ட எல்லாருக்கும் நாங்கதான் பிரதிநிதின்னு சொல்லி, அதே நியூயார்க் கோர்ட்ல போய் நின்னுச்சு.

இங்கதான் எனக்கு எப்பவும் தலை சுத்தும். இந்திய அரசு என்ன வாதாடுச்சு தெரியுமா? எங்க கோர்ட்டுங்க இவ்வளவு பெரிய வழக்கைத் தாங்காது, இழுத்துக்கிட்டே போகும், நஷ்ட ஈட்டுச் சட்டம் எங்ககிட்ட வளரலைன்னு. அதுக்குச் சாட்சியா மார்க் கேலன்டர்ங்குற அமெரிக்கப் பேராசிரியர் பிரமாணப் பத்திரம் கொடுத்தார். அமெரிக்கக் கம்பெனியோ, இந்திய நீதிமன்றங்கள் அருமையானவை, அங்கயே நடக்கட்டும்னுச்சு. அவங்க பக்கம் பிரமாணப் பத்திரம் கொடுத்தவர் யாரு? நானி பல்கிவாலா! கேசவானந்த பாரதி வழக்குல வாதாடின அதே பல்கிவாலா. ரெண்டு தரப்பும் கட்சி மாறி நின்ன மாதிரி இல்ல?

கம்பெனிக்கு இந்திய நீதித்துறை மேல திடீர்னு பாசம் வந்துடலை. கோர்ட் மாறினா தொகை மாறும், அவ்வளவுதான் கணக்கு. அதனால ஃபோரம் ஷாப்பிங்னு பாதிக்கப்பட்டவங்களை மட்டும் குத்திக் காட்டுறது எனக்கு நியாயமாப் படலை. பிரதிவாதியும் அதே கடைவீதியிலதான் நடக்குறார்.

1986 மே மாசம் கீனன் தீர்ப்பு சொன்னார்: வழக்கு இந்தியாவுக்கே போகட்டும். சாட்சி, ஆவணம், ஆலை எல்லாம் அங்கதானே இருக்கு. இன்னொண்ணும் சொன்னார். இந்த வழக்கை அமெரிக்கா வச்சுக்கிட்டா அதுவும் ஒரு ஏகாதிபத்தியம் ஆயிடுமாம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா வச்சுக்கோங்கன்னு கெஞ்சினதே இந்திய அரசுதானே! கம்பெனிக்குச் சில நிபந்தனைகளும் போட்டார்: இந்திய கோர்ட்டுக்குக் கட்டுப்படணும், அமெரிக்க விதிப்படி ஆவணங்களைக் கொடுக்கணும், தீர்ப்புத் தொகையைக் கட்டணும். 1987 ஜனவரியில மேல்முறையீட்டு கோர்ட், தொகையைக் கட்டணும்ங்குற நிபந்தனையை நீக்கிடுச்சு. ஆவணம் பத்தின ஒருதலை நிபந்தனையும் போச்சு.

அப்புறம் போபால்ல என்ன ஆச்சு? அரசு கேட்டது 330 கோடி டாலர். மாவட்ட நீதிபதி இடைக்கால நிவாரணமா 350 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னார். உயர் நீதிமன்றம் அதை 250 கோடி ஆக்குச்சு. 1989 பிப்ரவரி 14 அன்னைக்கு உச்ச நீதிமன்றத்துல 47 கோடி டாலருக்குச் சமரசம். கேட்டதுல ஏழுல ஒரு பங்கு. யார் பொறுப்புன்னு முழு விசாரணை நடக்கவே இல்ல. காயம்பட்டவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு முதல்ல கிடைச்சது 25,000 ரூபாய். கூடுதல் தொகை கேட்ட க்யூரேட்டிவ் மனுவை 2023 மார்ச்ல உச்ச நீதிமன்றம் தள்ளுபடி பண்ணிடுச்சு.

நியூயார்க்ல நடந்திருந்தா நிறைய கிடைச்சிருக்குமான்னு கேப்பீங்க. அதை யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா ஆவணங்கள் வெளிய வந்திருக்க வாய்ப்பு அதிகம்னு நினைக்கிறேன்.

இந்த விளையாட்டு கம்பெனிக்கே திரும்பி அடிச்சதும் உண்டு. ஈக்வடார் அமேசான் மக்கள் 1993-ல டெக்சகோ மேல நியூயார்க்ல வழக்கு போட்டாங்க. ஈக்வடார் கோர்ட்டே போதும்னு கம்பெனி வாதாடி ஜெயிச்சது. 2011-ல அதே ஈக்வடார் கோர்ட், டெக்சகோவை வாங்கியிருந்த செவ்ரான் மேல பல நூறு கோடி டாலர் தீர்ப்பு எழுதுச்சு. செவ்ரானும் நியூயார்க்குக்கே ஓடி வந்து, அங்க நடந்தது மோசடின்னு வழக்கு நடத்துச்சு. தீர்ப்பு வாங்கினதுல லஞ்சமும் மோசடியும் இருந்துச்சுன்னு 2014-ல நியூயார்க் நீதிபதியும் முடிவு பண்ணினார். இதுல யாரும் வெள்ளைச் சட்டை இல்ல.

கடைசியா லண்டன். தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையை நடத்தின அதே வேதாந்தா குழுமத்துக்கு ஜாம்பியாவுல ஒரு தாமிரச் சுரங்கம் இருந்துச்சு. கழிவு கலந்து ஆறும் நிலமும் பாழாச்சுன்னு 1,826 கிராமத்து மக்கள் இங்கிலாந்துல வழக்கு போட்டாங்க. 2019 ஏப்ரல்ல பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் சொன்னது கவனிக்கத்தக்கது. வழக்குக்குப் பொருத்தமான இடம் ஜாம்பியாதான். ஆனா அங்க இவங்களுக்குப் பண வசதியும் இல்ல, இவ்வளவு பெரிய வழக்கை நடத்துற அனுபவம் உள்ள வக்கீல் குழுவும் இல்ல, அதனால இங்கயே நடக்கட்டும்னுச்சு. கேலன்டர் சொன்னதுக்கு ரொம்பப் பக்கத்துல வர்ற வாதம் இது. போபாலுக்குப் பலிக்காதது ஜாம்பியா கிராமத்துக்குப் பலிச்சது. 2021-ல வேதாந்தா அவங்களோட சமரசத்துக்கு வந்துச்சு.