கிரிமினாலஜி படிப்பும் வீட்டுக் கணக்கும்



"கிரிமினாலஜி படிக்க எங்கே கட்டணம் குறைவு?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அது பாதிக் கேள்விதான். மொத்தம் எவ்வளவு ஆகும், அந்தப் பட்டம் எந்த வேலைக்குக் கதவு திறக்கும் என்பது மீதிப் பாதி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெளியூர்க் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் 20,000 ரூபாய், உள்ளூரில் 45,000 என்று வைத்துக்கொள்வோம். வெளியூரில் விடுதிக்கும் மெஸ்ஸுக்கும் மாதம் 6,000 என்றால் பத்து மாதத்துக்கு 60,000. மூன்று ஆண்டில் மொத்தம் 2,40,000. உள்ளூரில் பஸ்ஸுக்கு மாதம் ஆயிரம் போனாலும் மொத்தம் 1,65,000தான். மலிவு என்று நினைத்தது 75,000 ரூபாய் கூடுதலாக முடிகிறது! இதில் தேர்வுக் கட்டணம் சேரவில்லை. 'இதர கட்டணம்' என்று கடைசி வரியில் போடுகிறார்களே, அதுவும் சேரவில்லை.

அடுத்தது வேலை. காவல் உதவி ஆய்வாளர் தேர்வு எழுத ஏதேனும் ஒரு பட்டம் போதும். "எங்களிடம் படித்தால்தான் எஸ்.ஐ." என்று சொல்லி யாராவது லட்சங்கள் கேட்டால் நம்பாதீர்கள். கிரிமினாலஜி வேறு, தடய அறிவியல் வேறு. ஆய்வகத்தில் ரத்தக் கறையைச் சோதிக்கும் வேலைக்கு அறிவியல் படிப்பு வேண்டும். இது தெரியாமல் சேர்ந்துவிட்டு, பிறகு இன்னொரு பட்டத்துக்குப் பணம் கட்டுவதைவிடப் பெரிய செலவு வேறில்லை.

அப்படியானால் கிரிமினாலஜி வேண்டாமா? வேண்டும்! ஒருவன் ஏன் குற்றம் செய்கிறான், சிறையிலிருந்து வந்தவனை எப்படி மீட்பது, பாதிக்கப்பட்டவருக்கு யார் துணை என்று கேட்கிற படிப்பு அது. 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டமும் 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டமும் இந்த அறிவு உள்ளவர்களைக் கொண்டுதான் உயிர்பெறும். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் இதற்குத் தனித்துறையே இருக்கிறது. தனியாரிடம் போகுமுன் இங்கே விசாரியுங்கள். தொலைநிலைக் கல்வி என்றால், அந்தப் படிப்புக்கு யுஜிசி அனுமதி உண்டா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. உரிமையோடு கேட்டு வாங்குங்கள்.

கல்வி நிறுவனங்களுக்கு ஒரு கோரிக்கை. சேரும் நாள் முதல் பட்டம் வாங்கும் நாள் வரை ஆகும் மொத்தச் செலவை ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். படித்தவர்கள் எங்கே வேலையில் இருக்கிறார்கள் என்பதையும் அதிலேயே போடுங்கள். காவல் நிலைய வாசலிலும் நீதிமன்ற வாசலிலும் கால்கடுக்க நின்ற குடும்பத்துப் பிள்ளைதான் இந்தத் துறைக்குக் கட்டாயம் வரவேண்டிய பிள்ளை. பணத்தைக் காட்டி அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்பாதீர்கள்!