ஒத்துப்போன இரண்டு வெப்பமானிகள்



"பிள்ளைக்கு நூறு டிகிரி காய்ச்சல்" என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அந்த நூறு யாருடைய கணக்கு? டேனியல் கேப்ரியல் ஃபாரன்ஹீட்டுடையது. 1686இல் பால்டிக் கடலோரம் டான்சிக் நகரில் பிறந்தவர். இன்று அது போலந்தில் இருக்கிறது. இவருக்கு 15 வயதானபோது, தாயும் தகப்பனும் விஷக்காளான் சாப்பிட்டு ஒரே நாளில் இறந்துபோனார்கள். காப்பாளர்கள் பையனை வியாபாரம் பழக ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்பினார்கள். பையன் மனசெல்லாம் கண்ணாடிக் குழாயில்! கடன் வாங்கினார், வேலையை விட்டு ஓடினார். பிடித்துக் கிழக்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலேற்ற உத்தரவே வாங்கிவிட்டார்கள். ஊர் ஊராக அலைந்தார். 1708இல் கோபன்ஹேகனில் வானியலறிஞர் ரோமரைச் சந்தித்து, அவர் வெப்பமானிக்கு அளவு குறிப்பதைப் பார்த்துக்கொண்டார். 1717இல் ஆம்ஸ்டர்டாமிலேயே குடியேறிக் கருவி செய்து பிழைத்தார்.

அப்போதெல்லாம் வெப்பமானிக்கு வெப்பமானி அளவு வேறுபடும். 1714இல் ஹாலே நகரப் பேராசிரியர் கிறிஸ்டியன் வோல்ஃபிடம் இவர் இரண்டு வெப்பமானிகள் கொடுத்தார். இரண்டும் ஒத்துப்போயின! பேராசிரியர் வியந்து, அதைப் பற்றிக் கட்டுரையே எழுதினார். பிறகு ஆல்கஹாலை விட்டுப் பாதரசத்துக்கு மாறினார். தண்ணீர் கொதிநிலைக்கு மேலும் அளக்க முடிந்தது.

மாணவர்களே, இதைக் கவனியுங்கள். 1721இல் மழைநீரைக் கண்ணாடிக் குண்டில் அடைத்து இரவெல்லாம் குளிரில் வைத்தார். அவர் அளவில் நீர் உறைவது 32 டிகிரியில். காலையில் வெப்பமானி காட்டியது 15, தண்ணீரோ உறையவில்லை! வேறொருவராயிருந்தால் "கருவி கெட்டுப்போச்சு" என்று தூக்கிப் போட்டிருப்பார். இவர் தம் கைவேலையை நம்பினார். குண்டின் முனையை உடைத்ததும் உள்ளே பனி ஊசிகள் படர்ந்தன. உறைநிலைக்குக் கீழேயும் நீர் நீராகவே இருக்கலாம் என்பது அப்படித்தான் தெரிய வந்தது.

ரெக்கார்டு நோட்டில் விடை சரியா வரணும்னு ரீடிங்கைத் திருத்துகிற வழக்கம் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. தயவுசெய்து செய்யாதீங்க. ஒத்துவராத ரீடிங்கில்தான் புது விஷயம் ஒளிந்திருக்கும். அதே சமயம், அந்த ரீடிங்கை நம்புகிற அளவுக்குக் கருவியும் கையும் சுத்தமாயிருக்கணும்.

பட்டம் பெறாத இந்தக் கைவினைஞரை 1724இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினராக்கிக்கொண்டது. 1736இல் ஹேக் நகரில் காலமானபோது அவருக்கு நடந்தது ஏழைக்குரிய எளிய அடக்கம். நம் லேபுகளிலும் கருவியைத் துடைத்துப் பழுது பார்த்துத் தரும் உதவியாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.