நரியைப் பரியாக்க வேண்டாம்!



"சிறு வியாபாரியைக் கைதூக்கி விடுவது வாடிக்கையாளரின் வாய்ச்சொல்லா? இணைய விளம்பரமா?" இணையமே என்று வாதாட வந்திருக்கிறேன். எதிரணி நண்பர் கேட்டார், "பூக்கடைக்கு விளம்பரம் எதுக்கு?" என்று. ஐயா, பூ மணக்கும். எவ்வளவு தூரம் மணக்கும்? தெருமுனை வரைக்கும்! நம்ம மதுரை மல்லிக்கே 2013-இல் புவிசார் குறியீடு வாங்கினோமே, ஏன்? மணம் இருந்தால் மட்டும் போதாது, பெயரும் பதிவாகணும். (கைதட்டல்)

மாணிக்கவாசகர் பிறந்த இந்த ஊருக்கு வெளியூர்ப் பக்தர்கள் வருகிறார்கள். சாமி கும்பிட்டதும் பசிக்கும். அந்தக் காலத்தில், "அண்ணே, இட்லிக் கடை எங்க இருக்கு?" என்று கேட்பார்கள். "கோயில் பக்கத்துலதான்" என்போம். மதுரைச் சீமையிலே எந்தக் கடைங்க கோயில் பக்கத்தில் இல்லை? (சிரிப்பு) இப்போது பக்தர் ஆளைக் கேட்பதில்லை, கைப்பேசியைக் கேட்கிறார். அதிலே நம்ம கடை இல்லையென்றால், அடுப்பிலே இட்லி வெந்துகொண்டிருந்தாலும் அவர் வண்டி மேலூருக்குப் போய்விடும். போவது வண்டி மட்டுமா? அந்தக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் கூடவே போகுதய்யா!

இதைக் கற்றுக்கொடுக்க முயற்சி நடந்தது. 1972-இல் மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை, 2017 ஜனவரியில் டெல்லிக்கு வந்து, ஃபிக்கி அமைப்போடு சேர்ந்து, சிறுதொழில் செய்வோருக்கான 'டிஜிட்டல் அன்லாக்டு' பயிற்சியைத் தொடங்கினார். மூன்றாண்டுகளில் 40 நகரங்களில் 5,000 பயிலரங்குகள் என்பது திட்டம். நல்ல காரியம். ஆனால் விடியுமுன் மாவு ஊற்றுகிற அம்மா, கடையைப் பூட்டிவிட்டு நகரத்துப் பயிலரங்குக்குப் போவாரா? பாடம் கடைக்கு வரணும். வாத்தியார் யார்? வீட்டிலே ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருக்கிறதே, அந்தப் பிள்ளைதான்! (சிரிப்பு)

பாடம் மூன்றுதான். முதல் பாடம், கூகுள் வரைபடத்தில் கடையின் பெயர், இடம், நேரம், தொலைபேசி எண்ணைப் பதிவது. காசு கிடையாது. இரண்டாவது, நல்ல வெளிச்சத்தில் எடுத்த படங்கள். வாட்ஸ்அப் பிசினஸில் சரக்கையும் விலையையும் வரிசையாகப் போடலாம். மூன்றாவது, குறை எழுதியவருக்கும் பணிவாகப் பதில் சொல்வது. இவை முடிந்த பிறகே காசு கொடுத்து விளம்பரம். அதிலும் எந்த ஊருக்கு, ஒரு நாளைக்கு எத்தனை ரூபாய் என்று எல்லை கட்டிவிடணும். மேலூருக்குள் பலகாரம் கொடுப்பவர் டெல்லிக்காரருக்கு விளம்பரம் காட்டி என்ன பயன்?

ஒரு எச்சரிக்கையும் சொல்கிறேன். கணக்கு கடைக்காரர் பெயரில், கடைக்காரர் கையில் இருக்கணும். பதிவு செய்து கொடுத்தவரிடம் கடவுச்சொல்லை விட்டுவைப்பது, கல்லாச் சாவியை அடுத்தவர் இடுப்பில் செருகுவது மாதிரி. வாடிக்கையாளர் எண்களை நோட்டிலும் எழுதி வையுங்கள். கூகுள் சிறுகடைகளுக்கு இலவசமாகக் கொடுத்த இணையதளங்களை 2024 மார்ச்சில் மூடிவிட்டது. வாடகையில்லாத வீடென்றாலும் அது அடுத்தவர் வீடுதானே?

எதிரணியினர் கேட்கலாம், "இணையத்தில் பொய் சொல்கிறார்களே?" என்று. அதற்குப் பதில் இந்த ஊரிலேயே இருக்கிறது. வாதவூரருக்காக இறைவன் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்தான். ராத்திரி ஆனதும் அவை நரிகளாகி ஊளையிட்டன. இறைவன் செய்தால் திருவிளையாடல். நாம் செய்தால் மோசடி! (பலத்த கைதட்டல்) அச்சடித்த துணியைப் படம் பிடித்து, 'கைமுடிச்சுச் சுங்குடி' என்று போட்டால், பார்சலைப் பிரித்ததும் நரி ஊளையிடும். ஊளை அந்த வீட்டோடு நிற்காது. விமர்சனமாக உலகத்துக்கே கேட்கும். உண்மையிலேயே முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்ப்பவர், முடிச்சுப் போடும் விரல்களையே படமெடுத்துப் போடட்டும். அதைவிட விளம்பரம் ஏது?

ஆகவே நடுவர் அவர்களே, வாய்ச்சொல்லை நான் மறுக்கவில்லை. முன்பு திண்ணையில் இருந்த வாய்ச்சொல், இன்று இணையத்தில் குடியேறிவிட்டது. நாணயம் கடைக்காரரிடம் இருக்கிறது. அதை ஊரறியச் செய்வது இணையம். கைதூக்கி விடுவது இணையமே என்று நல்ல தீர்ப்பு வழங்குங்கள்.