நம்பிச் சொன்ன வார்த்தை



நான் 5 வருசமாக எங்கள் குழுவின் ஊக்குநர். பஞ்ச சூத்திரத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்: தவறாத கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிக் கட்டுறது, கணக்கு நோட்டு. அதில் இல்லாத ஒன்றைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

எங்க உறுப்பினர் ஒருத்தி 3 தவணை கட்டவில்லை. வீட்டுக்காரர் அடித்துப் பணத்தைப் பிடுங்கிக்கொள்கிறார் என்று குழாயடியில் என்னிடம் மட்டும் சொல்லி அழுதாள். கூட்டத்தில் மற்றவர்கள் அவளை ஏசினபோது பொறுக்க முடியாமல் காரணத்தைப் போட்டு உடைத்துவிட்டேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். பொழுது சாயறதுக்குள் அது அவள் வீட்டுக்காரர் காதுக்குப் போய்விட்டது. மறுவாரம் அவள் கூட்டத்துக்கு வரவில்லை.

வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா" என்றாள். எனக்குப் பதில் இல்லை. 3 மாசம் கழித்துத்தான் திரும்ப வந்தாள்.

இப்போதெல்லாம் தீர்மான நோட்டில் "அவகாசம் கேட்டார், குழு ஒப்புக்கொண்டது" என்று மட்டும் எழுதுகிறேன். வீட்டு விசயம் நோட்டுக்கு எதுக்கு? அதுக்காக, உயிருக்கு ஆபத்து என்றால் வாயை மூடிக்கொண்டும் இருக்கக் கூடாது. அவளிடம் சொல்லிவிட்டு 181-க்குப் போன் பண்ணணும்.

சேமிப்பில் 10 ரூபாய் குறைந்தால் கணக்குக் கேட்கிறோம். நம்மை நம்பிச் சொன்ன வார்த்தைக்கும் நாம் கணக்குச் சொல்லணும், சகோதரிகளே.