டோபி சாலையில் ஒரு காலை



தோட்டங்களில் வாழும் நாம் ஜொகூர் பாருவுக்குப் போவதென்றால் ஏதாவது ஒரு வேலையாகத்தான் போகிறோம். அடையாள அட்டை, மருத்துவமனை, தீபாவளித் துணி. வேலை முடிந்ததும் பிள்ளைகளோடு பேரங்காடியில் சற்றே குளிர்காய்ந்துவிட்டுப் பஸ் ஏறிவிடுகிறோம். அந்தப் பேரங்காடியிலிருந்து வோங் ஆ ஃபூக் சாலையைக் கடந்து சிறிது தூரம் நடந்தால் பழைய நகரம் வந்துவிடும். இன்று அங்கே போவோம்.

முதலில் ஜாலான் டோபி. டோபி என்றால் துணி வெளுப்பவர். இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் இங்கே பிழைத்ததால் வந்த பெயர். அரசர்கள், பணக்காரர்கள் பெயரில் தெருக்கள் எங்கும் உண்டு. ஊரார் அழுக்கை வெளுத்தவர்களின் பெயரில் எத்தனை தெரு இருக்கிறது? பெயர்ப்பலகையின் முன் பிள்ளைகளை நிறுத்திப் படிக்கச் சொல்வோம்.

அடுத்து ஜாலான் தான் ஹியோக் நீ. இவர் 19ஆம் நூற்றாண்டில் மிளகு, கம்பீர் தோட்டங்களால் செல்வம் சேர்த்த சீனத் தலைவர். கம்பீர் இலையைக் கொதிக்க வைத்து எடுத்த சாறு தோல் பதனிடவும் வெற்றிலையோடு மெல்லவும் பயன்பட்டது. கொதிக்க வைக்க விறகு வேண்டும். அதற்காகவும் காடு அழிந்தது. ரப்பர் வருவதற்கு முன்பே இந்த மண்ணில் தோட்டக் கூலிகள் இருந்தார்கள், அவர்கள் சீனர்கள். இதை நம் பிள்ளைகளில் பலர் அறியமாட்டார்கள்.

நடந்தால் பசிக்கும். இதே தெருவில் ஹியாப் ஜூ ரொட்டிக்கடை 1919இல் தொடங்கியது. டோபி சாலையில் சலாஹுதீன் ரொட்டிக்கடை, இந்திய முஸ்லிம்களுடையது, 1937இல் தொடங்கியது. இரண்டும் விறகு அடுப்புக்குப் பெயர் போனவை. விறகு அடுப்பின் தந்திரம் எளியது. செங்கல் அறைக்குள் விறகை எரித்துத் தணலை வாரிவிடுகிறார்கள். செங்கல் குடித்து வைத்திருக்கும் சூடுதான் மாவை வேகவைக்கிறது. ரொட்டியின் மேல்தோல் முறுகலாக, உள்ளே பஞ்சாக இருக்கும். ஹியாப் ஜூவின் வாழைப்பழக் கேக்கை வாங்கிச் சூட்டோடு பிட்டுத் தின்ன வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோனால் பாதிச் சுவைதான்.

ஜாலான் துருஸில் 1946இல் தொடங்கிய ஹுவா மூய் உணவகத்தில் சிக்கன் சாப் பெயர் பெற்றது. துரை பங்களாக்களில் சமையல் செய்த ஹைனான்காரர்கள், வெள்ளைக்காரர் உணவைத் தங்கள் கைப்பக்குவத்தில் மாற்றியதால் பிறந்த பதார்த்தம் அது. பங்களாவுக்குள் நாம் சாப்பிட்டதில்லை. அதன் சமையலை இங்கே உட்கார்ந்து சாப்பிடலாம்.

வார இறுதியில் சிங்கப்பூர்க்காரர்கள் கூட்டம் நெரியும். புதிய அலங்காரக் கடைகளில் ஒரு கோப்பை கோப்பியின் விலை நமக்குக் கட்டாது. அங்கே நுழைந்தே ஆகவேண்டும் என்று யார் சொன்னது? அஞ்சடியில் நிழலோடு நடந்து, கதவுகளையும் சுவர்களையும் பார்ப்பதற்குக் காசில்லை.

அருகே ஜாலான் உங்கு புவானில் அருள்மிகு ராஜமாரியம்மன் ஆலயம் இருக்கிறது. 1911இல் தோன்றியது. பூக்கடை, வெற்றிலைக்கடை, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் அதைச் சுற்றித்தான். துருஸ் சாலையில் ஐந்து சீன மொழிப் பிரிவினர் சேர்ந்து நடத்தும் பழைய கோவிலும் உண்டு.

வார நாளாகப் பார்த்துக் காலைப் பஸ்ஸிலேயே கிளம்புங்கள். முதலில் அம்மனைக் கும்பிட்டுவிட்டு, பசியாற ரொட்டிக்கடைக்கு வாருங்கள். நல்ல ரொட்டி நண்பகலுக்குக் காத்திருப்பதில்லை.